காதர் சாயபுவின் இரண்டாவது வயிறு

போன வாரம் காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "எந்த ஊரு?" என்று கேட்டார்.

"ஆம்பூர்."

அவர் முகம் மலர்ந்தது. என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஆம்பூர்ல வயிறு விக்கிறாங்களாமே... நெசமா?"

எங்கள் ஊருக்கு இதுவரை இரண்டே பெருமைகள்தான். ஒன்று பிரியாணி. இன்னொன்று தோல். பிரியாணி வாசனை கடைத்தெருவைத் தாண்டாது. தோல் வாசனை தாலுகாவையே தாண்டும். மூன்றாவதாக இப்படி ஒரு பெருமை சேரும் என்று யார் கண்டது?

"ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதுவும் போயிடுச்சு" என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

இந்த வதந்தி எங்கே கிளம்பியது என்று எனக்குத் தெரியும். நான் நேரில் பார்த்தவன். கொஞ்சம் கூட்டாளியும்கூட. இனிமேலும் சும்மா இருந்தால், 'ஆம்பூரில் கால் கிடைக்கும், கை கிடைக்கும்' என்று கிளப்பிவிடுவார்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடலாம் என்று சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டேன்.

"தாராளமா எழுது முதலியாரே. ஆனா பேரை மட்டும் மாத்தாதே. மாத்தினா வேற எவனாச்சும் பேர் வாங்கிட்டுப் போயிடுவான்" என்றார்.

ஆகவே, பேர் காதர் சாயபு. தொழில், தோல் தரகு. சுற்று வட்டாரத்திலிருந்து வரும் பச்சைத்தோலை, அதைப் பதம்போடுகிற தோல்ஷாப்புகளுக்கு முடித்துக் கொடுப்பார். பதமான தோலை மெட்ராஸ் பெரியமேட்டுக் கம்பெனிகளுக்கு முடித்துக் கொடுப்பார். இடைத்தரகர் என்ற சொல்லே இவரைப் பார்த்துத்தான் உண்டாயிற்றோ என்று நான் நினைப்பதுண்டு. அப்படி ஓர் இடை! முதலில் வயிறு கடைக்குள் வரும். சலாம் சொல்லும். அப்புறம்தான் சாயபு வருவார்.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. வாரத்தில் ஒரு நாள் பத்தி எழுதுகிறேன். மற்ற நாளெல்லாம் இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்ட். என்னைக் கண்டால் ஊரில் பாதிப் பேர் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார்கள். திரும்பாமல் நின்று பேசுகிற ஒரே மனிதர் காதர் சாயபு. அந்த உடம்போடு அவ்வளவு சீக்கிரம் திரும்ப முடியாது என்பதும் ஒரு காரணம்.

அவருக்குக் கால் பெருவிரலில் ஒரு செருப்புக்கடி. சாதாரணக் கடிதான். ஆனால் ஆறவில்லை. களிம்பு போட்டார், ஆறவில்லை. ஓதி ஊதினார்கள், ஆறவில்லை. விரலின் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. வீட்டில் அவர் மனைவி சாப்பாட்டைப் போடமாட்டேன் என்று பயமுறுத்திய பிறகுதான் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு வேலூருக்குக் கிளம்பினார்.

அங்கே தனியாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார். நீரைச் சோதித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல சேதி வருவதில்லை.

"சாயபு, உங்களுக்கு சர்க்கரை வியாதி. இப்படியே விட்டா முதல்ல விரலை எடுக்கணும். அப்புறம் காலை எடுக்கணும். பிரியாணி வேணுமா, கால் வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

காதர் சாயபு யோசித்தார். நிதானமாகத்தான் யோசித்தார்.

"எந்தக் கால், டாக்டரம்மா?"

நான் சிரித்துவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சாயபுவும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவர், பள்ளிகொண்டா தாண்டியதும் பேசினார்.

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது முதலியாரே. விரல் போச்சு, பாதம் போச்சு, முட்டி வரைக்கும் போச்சு. அவரைத் தூக்கி உக்கார வெச்சது, வெளிக்குக் கூட்டிட்டுப் போனது, எல்லாம் நான்தான். கடைசில மண்ணுக்குத் தூக்கினதும் நான்தான்." பிறகு தன்னையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டார். "என்னைத் தூக்க இந்த ஊர்ல எவன் கீறான்?"

மறுநாளே பத்தியம் ஆரம்பமாயிற்று.

அவர் மனைவியை நான் பார்த்ததில்லை. கோஷா வீடு. நடுவில் ஒரு திரை தொங்கும். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். பாபி, அதாவது அண்ணி, என்றுதான் நானும் கூப்பிடுவேன். அந்தக் குரலுக்குக் காதர் சாயபு மட்டுமல்ல, நானும் பயப்படுவேன்.

"அண்ணே, இனிமே இந்த வீட்ல வெள்ளைச் சோறு கிடையாது. சர்க்கரை கிடையாது. நெய்யை என் பொட்டில வெச்சு பூட்டிட்டேன். கேவுரு ரொட்டி, கீரை, மோரு. வெளில எவனாச்சும் எதையாச்சும் குடுத்தா நீங்கதான் வந்து எனக்குச் சொல்லணும்."

ஆக, இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்ட் அன்று முதல் சி.ஐ.டி. ஏஜெண்டும் ஆனேன்.

காலையில் வெறும் வயிற்றில் ஆவாரம்பூக் கஷாயம். எங்கள் ஊர்த் தோல்ஷாப்புகளில் ஆவாரம்பட்டை மலை மாதிரி குவிந்துகிடக்கும். அதில் ஊறித்தான் தோல் பதமாகும். சாயபு கஷாயத்தைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். "ஊர்த் தோலையெல்லாம் ஆவாரையில போட்டு ஊற வெச்சேன். இப்ப அல்லா என் தோலை ஊற வெக்கிறான்."

அப்புறம் நடை. இதில்தான் மனிதர் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். விடியற்காலைத் தொழுகையை அவர் தவறவிட்டதே கிடையாது. ஜுரத்தில்கூட எழுந்து போவார். வழக்கமாகத் தொழுதுவிட்டு வந்து மறுபடி படுப்பார். இப்போது மசூதியிலிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே பாலாற்றுப் பக்கம் நடையைக் கட்டினார். தவறாத ஒரு பழக்கத்தின் வாலில் புதுப் பழக்கத்தைக் கட்டிவிட்டார். முன்னது போகும் இடமெல்லாம் பின்னதும் போயிற்று.

நானும் கூட நடப்பதாக ஏற்பாடு. ஆனால் எதன் வாலில் கட்டுவது? நான் தவறாமல் செய்கிற காரியம் காபி குடிப்பது ஒன்றுதான். போன வருஷம் கர்லாக்கட்டை வாங்கியதைப் பற்றி இதே பத்தியில் வீராவேசமாக எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? அது இப்போது எங்கள் வீட்டில் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. சொல்லப்போனால், வாங்கிய நாளிலிருந்து வேலையில் நிலையாக இருப்பது கர்லாக்கட்டைதான். நான் இல்லை.

கடைசியில் பாபி என் மனைவிக்குச் சொல்லி அனுப்பி, நடந்துவிட்டு வந்தால்தான் எனக்குக் காபி என்று ஆக்கிவிட்டார்கள். பெண்கள் கூட்டுச் சேர்ந்தால் நாம் என்ன செய்ய முடியும்?

நடக்கிற வழியில் ஒரு பிரியாணிக் கடை. காலையிலேயே தேக்சாவை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். வெங்காயம் வதங்குகிற வாசனை வந்ததும் சாயபுவின் நடை தளரும். அதனால் நான் ஒரு யோசனை சொன்னேன். தோல்ஷாப் சந்து வழியாகப் போவோம். ஊறவைத்த பச்சைத்தோல் வாசனை பட்டால் எவனுக்காவது பசிக்குமா? அதைவிட மலிவான பசி மருந்து உலகத்தில் உண்டா?

போனோம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அன்று மத்தியானம் வரை எனக்குச் சாப்பாட்டு நினைப்பே இல்லை. காதர் சாயபு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். முகம் பிரகாசமாயிற்று.

"முதலியாரே... பசிக்குது!"

"இந்த நாத்தத்துலயா?"

"உனக்கு அது நாத்தம். நான் பொறந்ததுலேர்ந்து அந்த வாசனை வந்தாத்தான் எங்க வீட்ல உலை கொதிக்கும்."

மறுநாள் முதல் பழையபடி பிரியாணிக் கடை வழியாகவே நடந்தோம்.

இப்படியாக மாசங்கள் போயின. நாக்கை அடக்குவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறோம், இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயபு கூடவே இருந்து பார்த்ததில் தெரிந்தது — நாக்கு நாலு நாள் அழுதுவிட்டு அடங்கிவிடுகிறது. அடங்காதது ஊர்தான்.

"இன்னா பாய், சாப்பிட மாட்டேங்கிறீங்க? எங்க வீட்டு சோறு பிடிக்கலியா?"

"ஒரே ஒரு வாய் பாய். ஒரு நாளைக்கு இன்னா ஆயிடப் போவுது?"

ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளைக் கேட்கிறார்களே! தோல் வியாபாரத்தில் பேரம் முடிந்தால் பிரியாணி. முடியாவிட்டாலும் மனஸ்தாபம் வேண்டாமென்று பிரியாணி. உபவாசம் இருப்பது சுலபம். உபசாரத்திலிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம்.

சாயபு தப்பித்தார். வயிறு மெதுவாக உள்ளே போயிற்று. விரல் புண் உலர ஆரம்பித்தது. ஷெர்வானி கொடியில் காய்கிறபோது எப்படித் தொங்குமோ, அப்படியே அவர்மேலும் தொங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஊருக்கு இல்லை.

முதலில் அவர் கதர்க்கட்சியில் சேர்ந்து உபவாசம் இருக்கிறார் என்றார்கள். அப்புறம் வியாபாரம் படுத்துவிட்டது, வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றார்கள். அதற்கப்புறம் க்ஷயரோகம் என்றார்கள். இதற்கெல்லாம் சாட்சி யார் தெரியுமா? நான்தான்!

"காலங்காத்தால இன்ஷ்யூரன்ஸ்காரன் அவர் பின்னாலேயே சுத்தறான். சும்மா சுத்துவானா? ரொம்ப நாள் தாங்காது போலிருக்கு, பாவம்."

கூட நடந்ததற்கு எனக்குக் கிடைத்த பெயர் இது.

ஒரு நாள் பெரியமேட்டிலிருந்து இஸ்மாயில் சேட் வந்தார். பெரிய கம்பெனியின் கொள்முதல் ஏஜெண்ட். சாயபுவின் வியாபாரத்தில் முக்கால்வாசி அவரை நம்பித்தான். தோல் பேரம் வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்றும் துண்டு போட்டார்கள். சேட் உள்ளே கையை விட்டார். சாயபுவின் விரல்களைப் பிடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இது யார் கை?"

"என் கைதான் சேட்."

சேட் துண்டை விலக்கிவிட்டே பார்த்தார். மெலிந்த விரல்கள். தொளதொளவென்று ஒரு மோதிரம். முகத்தைப் பார்த்தார். மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

"உடம்பைப் பாத்துக்க பாய். இந்தத் தபா வேற ஆள் கிட்ட முடிச்சுக்கறேன். உனக்கு எதுக்கு சிரமம்?"

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல். சாகப்போகிறவனை நம்பி யார் சரக்கை ஒப்படைப்பார்கள்? சேட் போனதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஆரோக்கியம் வந்தது, வியாபாரம் போயிற்று.

அந்த வாரம் காதர் சாயபு நேராகப் பிரியாணிக் கடைக்குப் போனார். உள்ளே இல்லை, வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லோர் கண்ணிலும் படவேண்டுமே. தட்டு வந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது.

"பாய் சாப்பிடறார்! பாய் சாப்பிடறார்!"

கடைக்காரர் கண் கலங்கி இன்னொரு கரண்டி போட்டார். எதிரே இருந்த கமிஷன் மண்டிக்காரர் எழுந்து வந்து சலாம் சொன்னார். சாயபு சாப்பிட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாபியிடம் சொல்லவேண்டியவன் நான். சொல்லவில்லை. என்ன சொல்வது? ஒரு மனிதர் பிழைப்புக்காகப் பிரியாணி சாப்பிடுகிறார் என்றா?

அதற்கப்புறம் அவர் அடிக்கடி சாப்பிட்டார். நடையும் குறைந்தது. வயிறு எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. வியாபாரமும் ஒன்றிரண்டு வந்தது. கூடவே புண்ணும் வாயைத் திறந்தது. அவர் மறைத்துத்தான் வைத்தார். ஆனால் தொழுகைக்குக் கால் கழுவுகிறபோது வாசலில் சிவப்பாக ஓடிய தண்ணீரைப் பாபி பார்த்துவிட்டார்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போனேன். திரைக்கு இந்தப் பக்கம் சாயபு தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்தக் குரல் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

"நான் இன்னா பண்ணட்டும் முதலியாரே?" என்றார் சாயபு. "வயிறு இருந்தா வியாபாரம் இருக்குது, கால் போவுது. கால் இருந்தா வயிறு போவுது, வியாபாரமும் போவுது. ரெண்டும் வேணும்னா நான் எங்க போறது?"

நான் வாயைத் திறக்கவில்லை. இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டுகள் வாயைத் திறக்காத சந்தர்ப்பம் அபூர்வம். இது அதில் ஒன்று.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அழுத குரல்தான். ஆனால் உறுதியாக வந்தது.

"அவங்களுக்கு வயிறுதானே வேணும்?"

"ஆமா" என்றார் சாயபு.

"நான் தச்சுத் தர்றேன்."

தைத்தே விட்டார்கள்! பழைய மெத்தை ஒன்றைப் பிரித்து இலவம் பஞ்சை எடுத்தார்கள். கெட்டித் துணியில் உறை. அதன்மேல், வியர்வை உறிஞ்சாமல் இருக்க, மெல்லிசான ஆட்டுத்தோல். தோல் தரகர் வீட்டில் தோலுக்கா பஞ்சம்? முதுகுப் பக்கம் இழுத்துக் கட்ட வார். ஷெர்வானிக்குள் கட்டிப் பார்த்தபோது நானே அசந்துபோனேன். பழைய காதர் சாயபு! தொப்புளுக்குக்கூட ஒரு குழி வைத்துத் தைத்திருந்தது.

"வயிறு சரி. கைக்கு இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

"முன்னாடி வயித்தைப் பாத்துட்டா, அப்புறம் கையைப் பத்தி எவன்ணே யோசிக்கிறான்?" என்றது திரை.

அது வியாபாரம் தெரிந்த திரை. பாபி சொன்னபடியேதான் நடந்தது. பொழுது புலராத இருட்டில், சால்வையைப் போர்த்திக்கொண்டு, பாலாற்று மணலில் காதர் சாயபு ஒல்லியாக நடந்தார். கடை திறக்கிற நேரத்துக்குக் குண்டாக வந்து உட்கார்ந்தார். "பாய்க்கு உடம்பு தேறிடுச்சு!" என்று ஊர் கொண்டாடியது. யாராவது சாப்பிடச் சொன்னால், வயிற்றைத் தட்டிக் காட்டுவார். "இப்பத்தான் ஃபுல்லா சாப்ட்டு வர்றேன். பாரு, இடமே இல்ல." தட்டினால் பொத் பொத்தென்று சத்தம் வரும். அதற்குமேல் யார் வற்புறுத்துவார்கள்? வீட்டில் கேழ்வரகு ரொட்டியும் கீரையும் வழக்கம்போல நடந்தன. புண் மறுபடி உலர்ந்தது. இஸ்மாயில் சேட்டும் சமாசாரம் கேள்விப்பட்டு, வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

வந்தார். ஒரு தோல்ஷாப் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தார். அங்கேதான் ஆபத்தும் வந்தது.

ஜமக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் சேட். அவர் பக்கத்தில் காதர் சாயபு. அடுத்து நான். எனக்கு யாரும் பத்தியம் விதிக்கவில்லையாகையால் பிரியாணியை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தேன். சாயபு கறித்துண்டையும் தயிர்ப் பச்சடியையும் தொட்டுக்கொண்டு, சோற்றைத் தட்டின் ஓரத்தில் மலையாகக் குவித்து, சாப்பிடுகிற மாதிரி பாவனை செய்தார். சேட் உற்சாகமாகப் பேசினார். அந்தப் பருவத்துச் சரக்கெல்லாம் சாயபு மூலமாகவே வாங்குவதாகச் சொன்னார்.

அப்போது தால்ச்சாக் குழம்பு வாளியோடு வந்த ஆள் ஜமக்காள மடிப்பில் கால் தடுக்கினார். ஆவி பறக்கிற தால்ச்சா, வாளியோடு, காதர் சாயபுவின் வயிற்றில் கவிழ்ந்தது.

எல்லோரும் "அல்லா!" என்று அலறினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால்—

சாயபு அமைதியாகச் சேட்டிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆட்டுத்தோலுக்கு இந்த வருஷம் கிராக்கி ஜாஸ்தி சேட். இப்பவே பேசி முடிச்சிரணும்."

சாயபுவின் வயிற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"பாய்..." என்றார் சேட். "சுடலியா?"

காதர் சாயபு அப்போதுதான் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகு, ரொம்பக் காலதாமதமாக, கூவினார்.

"ஐயோ! சுடுதே!"

நாலு பேர் பாய்ந்தார்கள். ஒருவர் நெய் கொண்டுவர ஓடினார். ஷெர்வானியைக் கழற்றினால்தான் தோல் பிழைக்கும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். "வேணாம், விடுங்கப்பா!" என்று சாயபு மன்றாடினார். உதவி செய்கிறவர்கள் என்றைக்கு விட்டிருக்கிறார்கள்? பித்தான்கள் அவிழ்ந்தன. வார் அறுந்தது. தால்ச்சா சொட்டச் சொட்ட, காதர் சாயபுவின் வயிறு ஜமக்காளத்தில் விழுந்து, ஒரு தரம் உருண்டு, சேட்டின் முழங்காலில் முட்டி நின்றது.

இழுத்த நாலு பேரும் பின்வாங்கினார்கள். ஒருவர் ஓதவே ஆரம்பித்துவிட்டார்.

சேட் அதை விரலால் குத்திப் பார்த்தார். "இன்னா பாய் இது?"

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் பந்தியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்ததுதான். ஆனால் சாயபுவின் முகத்தைப் பார்த்தேன், நின்றுவிட்டது. ஈரச் சட்டையோடு, ஒடுங்கிய வயிறோடு, அவர் அத்தனை பேர் நடுவிலும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார். பிறகு சாதாரணக் குரலில்தான் சொன்னார்.

"எனக்கு சர்க்கரை வியாதி சேட். ஒடம்பு எளச்சாத்தான் கால் தங்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எளச்சேன். நீங்கள்லாம் நான் சாவப்போறேன்னு போயிட்டீங்க. எங்க அண்ணனை எல்லாருக்கும் தெரியும். ஒத்தக் காலோட கட்டில்ல கெடந்தே செத்துப்போனாரு. சாவும்போதும் அவருக்கு வயிறு மட்டும் நல்லாத்தான் இருந்துச்சு. அதைப் பாத்துட்டு, பாய் நல்லாத்தான் கீறார்னு எல்லாரும் சொல்லிட்டுப் போனீங்க."

முன்வரிசையில் இருந்த சிலர் அந்த அண்ணனோடு தொழில் செய்தவர்கள். தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

சேட்டின் முன்னால் தட்டு நிறைய ஜர்தா என்கிற சர்க்கரைச் சோறு இருந்தது. குங்குமப்பூ நிறத்தில், நெய் மின்னிக்கொண்டு. அவர் அதையே பார்த்தார். ஒரு விரலால் தட்டை மெல்லத் தள்ளிவைத்தார். சாயபுவின் காதருகே குனிந்தார். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"பாய்... உனக்கு இந்த வியாதி வந்தப்போ, அடிக்கடி தாகம் எடுத்துச்சா?"

"எடுத்துச்சு."

"குடிச்சாலும் அடங்காதா?"

"அடங்காது."

சேட் தன் முன்னால் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். "வேலூர்ல அந்த டாக்டரம்மா எங்க கீறாங்க?"

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் வேலூருக்குப் போனோம். டாக்டரம்மா சேட்டின் நீரைச் சோதித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவ்வளவுதான் சொல்வேன். மீதி சேட்டின் சொந்த விஷயம்.

அடுத்த தடவை சேட் ஆம்பூர் வந்தபோது கடைத்தெருவில் எல்லோர் முன்னாலும் துண்டு போட்டார். காதர் சாயபுவின் மெலிந்த கையைப் பிடித்தார். சிரித்தார்.

"இப்பத்தான் பாய் உன் விரலே புரியுது. முன்ன அஞ்சும் ஒட்டிக்கினு இருக்கும். நீ இன்னா விலை சொன்னேன்னே தெரியாம, நானா கொஞ்சம் கூடவே குடுத்துட்டுப் போவேன்."

"அப்ப இனிமே எனக்கு நஷ்டம்தானே சேட்?" என்றார் சாயபு.

நழுவிப்போன வியாபாரிகளில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. ஏமாற்றிவிட்டான் என்று இன்றைக்கும் முகம் கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள். முழுசும் சுகமாக முடிந்தது என்று நான் கதை விடமாட்டேன். விரல் தப்பியது. நகம் போயிற்று. இன்னும் கேழ்வரகுதான், இன்னும் கஷாயம்தான். இத்தனை நாள் ஆயிற்றே, கொஞ்சம் தளர்த்தலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டுப் பார்த்தார். "உங்க வியாதி தளர்த்தட்டும், அப்புறம் நீங்க தளர்த்துங்க" என்றாராம்.

சரி, அந்த வயிறு என்ன ஆயிற்று? பேரணாம்பட்டிலிருந்து ஒரு இளம் தரகர் தேடிக்கொண்டு வந்தார். ஈர்க்குச்சி மாதிரி ஆள். புதிதாகத் தொழிலில் இறங்கியவர். எங்கே போனாலும் 'பெரியவர் யாராச்சும் இருந்தா வரச் சொல்லு' என்கிறார்களாம். திரையைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாபி அதைப் பிரித்துத் துவைத்து, புதுப் பஞ்சு அடைத்து, சும்மாவே கொடுத்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை.

"கட்டிக்கினு சுத்துங்க தம்பி. உள்ள மட்டும் வளத்துக்காதீங்க."

நேற்று முன்தினம் காலையில் நடந்து முடித்துவிட்டு, காதர் சாயபு என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே உட்கார்ந்தார். வீட்டில் விசேஷம். என் மனைவி ஒரு தட்டில் அதிரசம் கொண்டுவந்து வைத்தாள். சாயபு நெஞ்சில் கை வைத்து, "வேணாம்மா, போதும்" என்றார்.

அப்போது ஒரு குரல் கேட்டது.

"ஒரே ஒண்ணு பாய். ஒரு நாளைக்கு இன்னா ஆயிடப் போவுது?"

யார் இந்த முட்டாள் என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. பேசியது நான்தான்.

சாயபு என்னைப் பார்த்தார். குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தார். என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

வாசகர்களே, நடக்கிறீர்களோ இல்லையோ, கர்லாக்கட்டை சுற்றுகிறீர்களோ இல்லையோ, அது உங்கள் பாடு. வீட்டுக்கு வந்தவர் 'போதும்' என்றால் மட்டும் தயவுசெய்து நம்பிவிடுங்கள். திரும்பி நடந்துபோக அவருக்குக் கால் வேண்டியிருக்கிறது.